கடைசியில் வைத்த கண்கள்

கட்டைவிரல் உயரச் சிப்பாய் பொம்மைகளுக்கெல்லாம் பெயின்ட் அடித்தது சுகந்தி. தான் அடித்ததாக ஊரெல்லாம் பீற்றிக்கொள்வது அவள் புருஷன் கோதண்டம். கண்களை மட்டும் அவள் கடைசியில்தான் வைப்பாள். போன வாரம் சோறு ஆறிவிட்டதென்று அவள் கையிலிருந்த பிரஷைப் பிடுங்கி முறித்தானே, அப்போது கண்கள்தான் பாக்கி இருந்தன.

இன்று அந்தப் பொம்மைகளை வைத்து ஆடும் போர் ஆட்டத்துக்கு அவன் நண்பர் ரெஜிஸ் வந்திருந்தார். "என் பொண்டாட்டிக்குப் பிரஷ் பிடிக்கவே தெரியாதுங்க" என்று சிரித்தபடி கோதண்டம் மேசைமேல் படையை அணிவகுத்தான். அவனுக்குத் தெரிந்தது முதுகுகள் மட்டும். முகங்கள் தெரிவது எதிரே இருப்பவருக்குத்தான். பகடையை உருட்டக் குனிந்த ரெஜிஸ் அப்படியே நின்றார்.

"என்னங்க இது, உங்க ஆளுங்க ஒருத்தன்கூட என்னைப் பாக்கல. எல்லாரும் ஓரக்கண்ணால பின்னாடி உங்களையில்ல பாக்குறானுங்க? நீங்கதானே பெயின்ட் அடிச்சீங்க?"

கோதண்டத்தின் முகம் சுண்டிப்போயிற்று. டீயோடு வந்த சுகந்தியை முறைத்தான். அவள் தம்ளர்களை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். அந்தக் கண்களைப் பார்த்துவிட அவன் ஒவ்வொரு சிப்பாயாகத் தன் பக்கம் திருப்பினான். திருப்பத் திருப்ப, நீட்டிய துப்பாக்கிகளும் அவன் பக்கமே திரும்பின.