ஒரு நாள் இரவல்

"ஒரு நாள் உழவுன்னு கேட்டு வண்டியை வாங்கிட்டுப் போனான். ஒரு வாரம் வச்சிருந்தான். கடைசியில கெடுத்துக் கொண்டுவந்து விட்டுட்டான். என் தங்கச்சிக்கு இவனெல்லாம் ஒரு மாப்பிள்ளையா?"

டிராக்டர் மெக்கானிக் ஷெட்டுக்குள் வந்து நிற்கும் முன்பே அதன் சொந்தக்காரர் ஆரம்பித்துவிட்டார். ஊரில் அவருக்குச் சைலன்சர் என்று பட்டப்பெயர். புகையும் அதிகம், சத்தமும் அதிகம். உள்ளே ஒன்றும் இருக்காது.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்ன கோளாறுண்ணே?"

"ஹைட்ராலிக் தம்பி. லிவரைத் தொட்டா போதும், கலப்பை விசுக்குனு மேல போகுது. எட்டு வருஷமா என் வண்டியில கலப்பை எப்படி ஏறும்னு உனக்கே தெரியும். முக்கி முனகிப் பாதி ஏறி நிக்கும். நான் இறங்கிக் கடப்பாரையைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாத்தான் மீதி. இப்ப என்னடான்னா, நான் இறங்குறதுக்குள்ள அது ஏறிடுது."

மெக்கானிக் சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"தங்கச்சிக்குக் காலையிலேயே போன் போட்டுச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை உன் புது வீட்டு விருந்துக்கு நான் வரமாட்டேன், இனிமே உன் வாசப்படியே மிதிக்கமாட்டேன்னு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"சரிண்ணேன்னா. அவ்வளவுதான்."

அதைச் சொல்லும்போது மட்டும் சத்தம் குறைந்துவிட்டது. கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான்.

மெக்கானிக் எண்ணெய்க் குச்சியை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். "எண்ணெய் புதுசா இருக்கு."

"பாத்தியா? என் எண்ணெயை எடுத்துட்டான்."

"ஃபில்டரும் புதுசு."

"பழசை எங்க கொண்டுபோய் வித்தானோ."

"பம்ப் போல்ட்டெல்லாம் யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க."

"அப்படியே ஒரு பேப்பர்ல எழுதிக்கொடு. நாலு பேரைக் கூட்டிவச்சு அவன் மூஞ்சிக்கு நேரா படிக்கிறேன்."

மெக்கானிக் எழுதவில்லை. பிரஷர் பார்க்கும் கேஜை எடுத்து மாட்டினார். எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார். எண்ணெய் சூடாகாமல் பார்த்தால் தேய்ந்த பம்ப்கூட யோக்கியன் வேஷம் போடும். கால்மணி நேரம் கழித்து லிவரைக் கடைசிவரை தூக்கிப் பிடித்தார்.

"இந்த வண்டிக்கு நூத்தி எழுபது காட்டணும்ணே. போன வருஷம் நான் பாத்தப்ப தொண்ணூறுதான் காட்டுச்சு. கலப்பையைத் தூக்குற பம்ப் தேஞ்சுபோச்சு, மாத்துங்கன்னேன். ஓடுற வரைக்கும் ஓடட்டும்னுட்டீங்க."

"அதை எதுக்கு இப்ப இழுக்கிற?"

"முள்ளைப் பாருங்க."

முள் நூற்றெழுபதில் அசையாமல் நின்றது.

"இப்ப ஒரு கோளாறும் இல்லண்ணே. எட்டு வருஷமா இருந்ததுதான் கோளாறு. சீக்காளியாவே பாத்துப் பழகிட்டீங்க, குணமாகி ஓடி வந்தா பயப்படறீங்க."

சைலன்சர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஊர்க்காரர்கள் யாராவது பார்த்திருந்தால் சத்தியமாக நம்பியிருக்க மாட்டார்கள்.

"அது சரி, நெம்பி நெம்பி வந்த உங்க தோள்வலி எப்படி இருக்கு?" என்றார் மெக்கானிக்.

கை தானாக வலது தோளுக்குப் போனது. வண்டி திரும்பி வந்து மூன்று நாள். அந்த மூன்று நாளும் உழவு ஓட்டியிருக்கிறார். மனைவியிடம் ஒத்தடம் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

"யாருப்பா மாத்தினது?"

"சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்ற மெக்கானிக், ஷெட்டின் மூலையை ஒரு பார்வை பார்த்தார்.

அங்கே இரும்புக் குப்பையின் மேல் ஒரு பழைய பம்ப் கிடந்தது. அதன் தலையில், எப்போதோ அடையாளத்துக்கென்று அவரே தன் கையால் பூசிய பச்சைப் பெயின்ட்.

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"சொல்லுண்ணே" என்றாள் தங்கை. "காலையில திட்டினதுல ஏதாவது மிச்சம் இருக்கா?"

"மாப்பிள்ளை உழவை முடிச்சிட்டாரா?"

இத்தனை நேரம் 'அவன்' ஆக இருந்தவர் அவருக்கே தெரியாமல் 'அவர்' ஆகியிருந்தார்.

தங்கை சிரித்துவிட்டாள். "எங்கண்ணே உழுதோம்? நிலம் அப்படியே கிடக்கு. வண்டிதான் ஒரு வாரமும் மெக்கானிக் ஷெட்டுல படுத்திருந்துச்சே."

"பம்ப் மாத்தப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நீ வண்டியைக் கொடுத்திருப்பியா?"

கொடுத்திருக்க மாட்டார். அது அவருக்கே தெரியும்.

"ஞாயித்துக்கிழமை காலையில கலப்பையோட வரேன். முதல்ல உழவு. அப்புறம்தான் சாப்பாடு."

"வாசப்படி மிதிக்கமாட்டேன்னியே?"

"ஆமா, சொன்னேன். அதுக்கென்ன இப்ப?" என்று பழைய சத்தத்தில் அதட்டினார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணையும் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. "ஏம்மா, அன்னைக்கு வண்டியை விட வந்தப்ப, ஒரு வாரமா ஏன் வண்டியைத் தரலைன்னு அவ்வளவு திட்டினேன். மாப்பிள்ளை வாயே திறக்கலையே, ஏன்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'மச்சான் திட்டாம இருக்கமாட்டாரு, தோள் நோகாம திட்டட்டும்'னாருண்ணே."