பதில் அனுப்பியது யார்?

“கோரிக்கையே வரலைன்னா என்ன சார் அர்த்தம்? நான் என்ன கதை விடறேனா?”

நாற்காலியைக் காட்டியும் அவள் உட்காரவில்லை. ஆம்புலன்ஸ் ஆப் நடத்தும் நிறுவனத்தின் மேலாளர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்படிச் சொல்லலை மேடம். அந்த நேரத்துல எந்த டிரைவருக்கும் அழைப்பு போகலை. நீங்க பதற்றத்துல பட்டனைச் சரியா அழுத்தாம...”

“அழுத்தினேன். ‘ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது’ன்னு பதில் வந்தது. பக்கவாதம் வந்து சரிஞ்ச அப்பாவைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு வாசல்லயே நாற்பது நிமிஷம் நின்னேன்.”

“அந்த மெசேஜ் இருக்கா?”

“அப்பா போன்லேருந்து கூப்பிட்டேன். அவரைத் தூக்கறப்ப அது விழுந்து நொறுங்கிடுச்சு.”

“அப்ப நாங்க எதை வச்சு நம்பறது, சொல்லுங்க?”

“லாகை எடுங்க. உள்ள வர்ற ஒவ்வொரு கோரிக்கையும், நீங்க அனுப்பற ஒவ்வொரு பதிலும் அதுல பதிவாகியிருக்கும். நானும் இந்தத் தொழில்தான் சார். என் காதுலயே பூ சுத்தாதீங்க.”

“அதையெல்லாம் வெளியாளுக்குக் காட்டறதில்லை மேடம்.”

“காட்டாதீங்க. கோர்ட்டுல காட்டுங்க. ஊர்ல எத்தனையோ ஆப் இருக்க, ஒரு காலத்துல நானும் வேலை பாத்த கம்பெனி, இதுதான் நம்பகமானதுன்னு வீட்டுல எல்லார் போன்லயும் ஏத்தி வச்சவ நான். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பேச்சாவது மிஞ்சியிருக்கும்னு டாக்டர் சொல்றார். இப்ப தண்ணி வேணும்னுகூட அவரால கேக்க முடியலை.”

மேலாளர் பெருமூச்சு விட்டார். தேதியையும் போன் நம்பரையும் கேட்டுத் தட்டச்சு செய்தார். வரிகள் மேலே நகர்ந்தன. அவர் முகம் மாறியது.

“வந்திருக்கு” என்றார் மெதுவாக. “காலை ஏழு நாற்பத்திரண்டு. உடனே டிரைவர் சர்வருக்குத் தகவல் போயிருக்கு. அது அன்னைக்கு ஒரு மணி நேரம் படுத்துடுச்சு. அங்கேருந்து சத்தமே இல்லை.”

“எனக்கு என்ன பதில் போயிருக்கு? அதைப் படிங்க.”

“ஆம்புலன்ஸ்... கிளம்பிவிட்டது.”

அவள் மேஜையில் ஓங்கித் தட்டினாள்.

“டிரைவரே கிடைக்கலை, வண்டி எப்படிக் கிளம்பும்? கிடைக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பக்கத்து வீட்டு அண்ணன் கார்ல ஏத்திக்கிட்டுப் பத்து நிமிஷத்துல போயிருப்பேனே! எந்தப் பாவி சார் இதை எழுதினது? எனக்குப் பேர் வேணும். கம்பெனி மேல மட்டுமில்லை, அந்த ஆள் மேலயும் கேஸ் போடுவேன்.”

“மேடம், நான் இங்க சேர்ந்தே ஆறு மாசம்தான்...”

“பேர் சார்!”

அவர் நிரலைத் திறந்து தேடினார். டிரைவர் சர்வர் பதில் தராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: ‘ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது’ என்று பதில் அனுப்பு.

“சோதிச்சுப் பாக்கறதுக்காகத் தற்காலிகமா போட்டிருக்காங்க. பக்கத்துலயே குறிப்பு இருக்கு, ‘நாளைக்கு மாத்தணும்’னு. போட்டு மூணு வருஷமாச்சு. அப்புறம் வேலையை விட்டுட்டாங்கபோல.”

“நாளைக்கா? மூணு வருஷமா விடியவே இல்லையா அந்த ஆளுக்கு?”

“என் மேல பாயாதீங்க. இதோ, எழுதினவங்க பேரு. நீங்களே குறிச்சுக்கோங்க” என்று திரையை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் பேனாவைத் திறந்துகொண்டு குனிந்தாள்.

திரையில் இருந்தது, கல்யாணத்துக்கு முந்தைய அவளுடைய பெயர்; அப்பாவின் இனிஷியலோடு.