மேல் வீட்டு மிக்ஸி

“மறுபடியும் ஆரம்பிச்சுட்டா அந்த மகராசி! கேக்குதா உங்களுக்கு?”

போனை மேலே தூக்கிப் பிடித்தாள். மாடி வீட்டு மிக்ஸி தளம் அதிர இரைந்துகொண்டிருந்தது. கட்டிலுக்கடியில் அவள் பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

“கேக்குது. நான் வேலையில இருக்கேன்மா,” என்றான் கணவன். “பேசாம வீட்டை மாத்திடலாம். இன்னொரு தடவை பையன் கத்துறான்னு புகார் வந்தா காலி பண்ணணும்னு ஹவுஸ் ஓனர் வேற சொல்லிட்டாரு.”

“சுலபமா சொல்லிட்டீங்க. போன தடவை மாத்தினப்போ புது இடம்னு மிரண்டுபோய் சோறு தண்ணி இல்லாம கெடந்தானே, மறந்துடுச்சா? இங்கதான் இப்போ ஒரு வாய் சாப்பிடுறான், தூங்குறான்.”

“சரி, அப்புறம் பேசுறேன்.” வைத்துவிட்டான்.

அப்புறம் பேச மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். அவளோடு பேச யார்தான் இருக்கிறார்கள்? கூடப் பிறந்தவளே, “ரெண்டு அடி போட்டு வளர்த்திருந்தா இப்படியா ஆவான்?” என்று கேட்டுவிட்டாள். அன்றோடு அந்தப் போக்குவரத்தும் நின்றது. மற்றவர்களிடம் ஆட்டிசம் என்று சொன்னால், “அப்படியா, பாவம்” என்பார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்குக் கூப்பிடவே மாட்டார்கள். பிள்ளைக்கும் பேச்சு வரவில்லை. சில நாள் அவள் தன் குரலைக் கேட்பதே, அவனிடம் ‘ஒண்ணுமில்லடா ராஜா’ என்று சொல்லும்போதுதான்.

இப்போதும் அதையே சொல்லிக்கொண்டு கட்டிலுக்கடியில் நுழைந்து, கனத்த போர்வையைச் சுற்றி அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கத்தல் விசும்பலாகி, விசும்பலும் ஓய்ந்தது. சற்று நேரத்தில் மிக்ஸியும் நின்றது.

மனசு குளிர்ந்திருக்கும் பாவிக்கு! இவன் லேசாகச் சிணுங்கினாலே போட்டுவிடுகிறாள். அதைக் கேட்டு இவன் அலறுகிறான். இவன் ஓய்ந்தால்தான் நிறுத்துகிறாள். வேண்டுமென்றே செய்வதல்லாமல் வேறென்ன? பிள்ளை குட்டி இல்லாத வீடு. இந்த வேதனை அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

தூங்கிப்போனவனைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் திரும்புவதில்லை.

கதவைத் தட்டியதும் ஒரு சாண் திறந்தது. தலை கலைந்த ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

“என்ன வேணும்?”

“நான் கீழ் வீடு. மிக்ஸியே போடாதீங்கன்னு சொல்லலைங்க. இந்தப் பிள்ளைக்கு அந்தச் சத்தம் ஆகாது, உயிர் போற மாதிரி துடிக்கிறான். இவன் அழும்போது மட்டுமாவது...”

“ஐயோ, கொஞ்சம் மெதுவா பேசுங்க.”

“நான் மெதுவா பேசணுமா? நல்லா இருக்கே நியாயம்! மனுஷியா நீங்க?”

தோளில் கிடந்தவன் விழித்துக்கொண்டான். தெரியாத முகத்தைப் பார்த்ததும் வீறிட்டான். அவ்வளவுதான், மேல் வீட்டுக்காரி கதவைக்கூடச் சாத்தாமல் உள்ளே ஓடினாள். மிக்ஸி உறுமியது.

கண்ணெதிரிலேயேவா! அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. பிள்ளையின் ஒரு காதை மார்போடு அழுத்தி, மறு காதைக் கையால் பொத்திக்கொண்டு, மேல் வீட்டுக்காரியின் பின்னாலேயே சமையலறைக்குள் நுழைந்தாள்.

ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியில் ஒன்றுமே இல்லை. சமையல் மேடைமேல் ஒரு சின்னப் பெண், அதிரும் மிக்ஸியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, அதன்மேல் கன்னத்தை வைத்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள்.

“வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா,” என்று கெஞ்சினாள் மேல் வீட்டுக்காரி. “எந்தப் பிள்ளை அழுதாலும் என் பொண்ணுக்குத் தாங்காது, தலையைச் சுவத்துல மோதிக்குவா. இதைக் கட்டிப்பிடிச்சாத்தான் அடங்குவா.”