தகவல் கொடுத்தவர்

“ஆர் பொலிசுக்கு அறிவிச்சதெண்டு எனக்குத் தெரியோணும். மிச்சக் கதை எல்லாம் பிறகு.”

லண்டன் ஈஸ்ட் ஹாமில், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் உட்காருவதற்கு முன்பே சுவர்ணா இதைச் சொல்லிவிட்டாள். வழக்கறிஞர் துசியந்தி தலையை மட்டும் ஆட்டினாள். நிர்மலன் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தான்.

நடந்தது நாலு கிழமைக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை பின்னேரம். சுவர்ணாவுக்கு முதியோர் இல்லத்தில் ஷிப்ட். மோர்டனில் ஒரு பிள்ளை பெரியவளானதற்கு நடந்த சாமத்தியவீட்டுக்குத் தனியாகப் போன நிர்மலன், மண்டபத்துக்குப் பின்னால் கூட்டாளிகளோடு நின்று நன்றாகக் குடித்துவிட்டு, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருந்து மகளை ஏற்றி வர வானை எடுத்திருக்கிறான். நோர்பரிக்குக் கிட்ட ஒரு பெற்றோல் நிலையத்தில் பொலிஸ் வந்து ஊதச் சொன்னது. சட்ட அளவில் இரண்டு மடங்குக்கு மேல். ஒன்பது வயது மஹதி பள்ளிக்கூட வாசலில் ஒரு மணித்தியாலம் காத்து நின்று, கடைசியில் ஆசிரியை ஒருவரோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

பொலிஸ் கொடுத்த தாளில் ‘கிடைத்த தகவலின்படி’ என்று ஒரு வரி இருந்தது. அன்றிலிருந்து அந்த ஒரு வரிதான் சுவர்ணாவின் மண்டைக்குள் நின்றது.

அவளுக்குச் சண்முகராசா மேல்தான் சந்தேகம். நிர்மலனைப் போலவே அவரும் கடைகளுக்கு மரக்கறி இறக்குகிறவர். அன்றைக்கு மண்டபத்துக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவர். நடுத்தெருவில் மறித்துக் கேட்டாள். அவர் பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினார். அவள் நம்பவில்லை. பதினைந்து வருசமாகப் பழகிய அவருடைய மனைவி சுசிலாவோடு கதைப்பதையும் விட்டாள்.

“விடுமப்பா. குடிச்சது நான்தானே,” என்று நிர்மலன் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தான்.

“எல்லா ஆம்பிளையளும்தான் குடிக்கினம். உங்களை மட்டும் ஏன் காட்டிக் குடுக்கோணும்?” என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

அதற்காக அவள் அழுதுகொண்டு இருந்துவிடவும் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் தம்பி, அங்கே இப்படிப் பிடிபட்டவர்களுக்கு வேலைக்கு மட்டும் ஓடுகிற மாதிரி ஒரு லைசன்ஸ் கொடுப்பார்கள் என்று சொல்ல, அடுத்த நாளே துசியந்தியிடம் வந்து நின்றாள். இந்த நாட்டில் அப்படி அரைகுறை லைசன்ஸ் கிடையாது, குறைந்தது ஒரு வருசம் வானைத் தொட ஏலாது, நீதிமன்றம் சொல்கிற வகுப்புக்குப் போய் முடித்தால் காற்பங்கு குறையும் என்றாள் துசியந்தி. சரி, அப்படியென்றால் வானை நான் ஓட்டுகிறேன் என்று முடிவெடுத்தாள் சுவர்ணா. நாற்பத்தாறு வயதில், கிழமைக்கு மூன்று நாள் பழகப் போனாள். வண்டியைப் பின்னுக்கு எடுக்கத்தான் இன்னும் சரியாக வரவில்லை. ஆனால், அறிவித்த ஆளைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்பதில் மட்டும் அவள் ஓரங்குலம்கூட அசையவில்லை. வழக்கு ஆவணங்களோடு, பொலிசுக்கு வந்த அந்தத் தொலைபேசி அழைப்பின் பதிவையும் கேட்டு எடுக்கச் சொல்லித் துசியந்தியை விடாமல் நச்சரித்தாள்.

“பதிவு வந்திட்டுது அக்கா,” என்றாள் துசியந்தி. “எழுதியும் தந்திருக்கினம். ஆனா இது அண்ணையின்ர வழக்கு. அவர் சொன்னாத்தான் நான் வாசிக்கலாம்.”

சுவர்ணா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் வெளிறியிருந்தது. சண்முகராசாவைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று அவளுக்குக் கோபம் வந்தது.

“சொல்லுங்கோ. இண்டைக்குத் தெரியாமல் நான் இந்த இடத்தை விட்டு எழும்பமாட்டன்.”

நிர்மலன் துசியந்தியின் பக்கம் திரும்பினான். “வாசியுங்கோ தங்கச்சி,” என்றான்.

துசியந்தி தாளைக் கையில் எடுத்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

“பெற்றோல் நிலையத்தில ஒரு வெள்ளை வான் நிக்குது. ஓட்டுறவன் குடிச்சு நல்ல வெறி. இன்னும் அஞ்சு நிமிசத்தில வெளிக்கிட்டிடுவான். ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்பிடித்தான் பிள்ளையை ஏத்திக்கொண்டு போறவன். அவனா நிப்பாட்டமாட்டான். வீட்டிலயும் ஒருத்தரும் மறிக்கமாட்டினம். தயவுசெய்து கெதியா வாங்கோ.”

தங்கள் வீட்டுக் கதையை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கிற அந்த ஆள் யாரென்று கேட்கச் சுவர்ணா வாயைத் திறந்தாள். துசியந்தி கையால் பொறுங்கள் என்று காட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கடைசி இரண்டு வரியையும் வாசித்தாள்.

“பொலிஸ் கேட்டிருக்கினம், ‘அந்த வானை ஓட்டுறவரை உங்களுக்குத் தெரியுமோ?’ எண்டு.”

“அதுக்கு?”

“‘தெரியும், நான்தான் அது’ எண்டு சொல்லியிருக்கிறார்.”