பாதை திறந்த அன்று

"கொஞ்சம் குனியுங்க அய்யா," என்றார் மூப்பர் பேச்சிமுத்து. காட்டுப்பூ மாலை, அரசாங்க ஊழியரான கிராம சேவக் வல்லிநாயகத்தின் கழுத்தில் விழுந்தது. சுற்றி நின்ற மலைவாழ் பளியர் குடும்பங்கள் கைதட்டின.

குற்றால மலைமேல் கல்லருவிக்குடிக்குப் பாதை திறந்த நாள் அது. 1961, சாரல் தொடங்கும் நேரம். வளர்ச்சி அதிகாரி ஜீப்பை அடிவாரத்தில் விட்டுவிட்டு, ஷூவில் சேறு படாமல் இரண்டு மைல் நடந்தே ஏறி வந்திருந்தார்.

"எட்டு மாசம் அய்யா. கிழங்கு தோண்டுத கம்பியாலேயே வெட்டுனோம். இந்த வருசம் தேனெடுக்கக்கூடப் போகல," என்றார் பேச்சிமுத்து. "எல்லாத்துக்கும் காரணம் எங்க கிராம சேவக் அய்யாதான்."

வல்லிநாயகம் மாலையைச் சரிசெய்வதுபோல் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன் பேச்சிமுத்து முதல் மனுவைக் கொண்டுவந்தார். பாதையை நாங்களே வெட்டிக்கொள்கிறோம், கடப்பாரையும் மண்வெட்டியும் மட்டும் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அட்டைக்கடிக்குப் பயந்து மலைப்பக்கமே போகாத வல்லிநாயகம், 'நேரில் பார்வையிட்டேன். பாதைக்கு ஏற்ற இடமல்ல' என்று தென்காசியில் உட்கார்ந்தபடியே எழுதினார். அதற்குப் பிறகு வந்த மூன்று மனுக்களும் அவர் மேஜைக்குள்ளேயே கிடந்தன.

போன ஐப்பசி மழையில் பேச்சிமுத்துவின் தங்கை மாடத்திக்குப் பிரசவ வலி. கம்பளியில் தூளி கட்டி, வழுக்குப் பாறைகளில் அவளை இறக்கிக்கொண்டு வந்தார்கள். பாதி மலையிலேயே தாயும் பிள்ளையும் போய்ச் சேர்ந்தார்கள். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து, பக்கத்து வீட்டில் குழந்தை அழுதால்கூட வல்லிநாயகம் தெருவுக்கு எழுந்து போய்விடுவார்.

பாவம், இவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் மாலையா போடுவார்கள்?

"வேற என்ன வேணும், சொல்லுங்க மூப்பரே. பள்ளிக்கூடமா, ஓட்டு வீடா?" என்றார் அதிகாரி.

"இப்போதைக்கு எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம் அய்யா. நம்ம கிராம சேவக் அய்யாவுக்கு மேல உத்தியோகம் போட்டுக் கொடுக்கணும். அது போதும்." ஊரே கைநாட்டு வைத்த தாளைப் பேச்சிமுத்து மடியிலிருந்து எடுத்து நீட்டினார்.

அதிகாரி நெகிழ்ந்துபோனார். "வேலைன்னா இப்படில்லா பாக்கணும் வே! நாளைக்கே மேலிடத்துக்கு எழுதுதேன்," என்று வல்லிநாயகத்தின் முதுகில் தட்டிவிட்டு இறங்கத் தொடங்கினார்.

வல்லிநாயகம் நகரவில்லை. மாலை கழுத்தை அறுப்பதுபோல் இருந்தது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"மூப்பரே, உம்ம மனுவ அமுக்குனது நாந்தான். மலை ஏறாமலே ஏறிப் பாத்தேன்னு எழுதுனேன். அன்னைக்கே பாதை வந்திருந்தா மாடத்தி..."

பேச்சிமுத்துவின் முகம் மாறவில்லை. "தெரியும் அய்யா. அவள அடக்கம் பண்ணுன மறுவாரமே உங்க ஆபீஸ் பியூன் மைதீன் சொல்லிட்டாரு."

வல்லிநாயகம் திடுக்கிட்டார். "தெரிஞ்சுமா எனக்கு மாலை போட்டீரு? அதிகாரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் வேலையே போயிருக்குமே!"

"எங்க அய்யா போகும்? விசாரணைம்பாங்க. அது முடியுத வரைக்கும் நீங்க இங்கனதான இருப்பீங்க. அடுத்து மருத்துவச்சி வேணும்னு நாங்க ஒரு மனு கொடுக்கணும். அதையும் நீங்கதான வாங்கி வைப்பீங்க?"

பேச்சிமுத்து கும்பிட்டார்.

"மேல உத்தியோகம்னா உடனே வேற ஊருக்கு மாத்திருவாங்க அய்யா."