விறகு

"அந்த மனுஷனுக்கு ஈவு இரக்கமே கிடையாதாடி? காலையிலேர்ந்து எத்தனை தடவைதான் உன்னைக் குடோனுக்கு விரட்டுவான்!"

ஸ்டோர் கீப்பர் பொரிந்து தள்ளினாள். கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் குடோன் பக்கம் நடந்தாள்.

அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி அது. கையிருப்பு எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் ஒரு தட்டு தட்டினால் தெரிந்துவிடும். ஆனால் மானேஜருக்கு அது ஆகாது. "நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லும்மா" என்பார். வந்து உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் மறுபடி கூப்பிடுவார்.

ஆபீஸில் அவருக்குப் பேரே விறகுதான். எப்போதோ ஒரு மீட்டிங்கில், யார் என்ன ஜோக் அடித்தும் சிரிக்காமல், ஆடாமல் அசையாமல் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாராம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர்.

"நீ லீவு போட்டதுக்குப் பழி வாங்கறான். அப்படி என்னதான் உடம்புக்கு?"

"காய்ச்சல்."

பச்சைப் பொய். மூல ஆபரேஷன். ஆனால் அதை இந்த ஆபீஸில் வாய் திறந்து சொல்வதாவது! டிரைவருக்கு மூலம் என்று தெரிந்ததும் சேல்ஸ் மானேஜர் அடித்த கிண்டலில், பாவம், அந்த மனுஷன் வேலையை விட்டே ஓடிப்போனார்.

டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "வலி வரட்டும், அப்புறம் மாத்திரை போடலாம்னு இருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, சாப்பிட்டதும் போட்டுடு. தண்ணி நிறைய குடி. முக்கியமா, ஒரே இடத்துல உட்கார்ந்து கிடக்காதே. இன்னும் ஒரு வாரம் லீவு போடு."

"லீவைத் தவிர மத்ததெல்லாம் செய்யறேன் டாக்டர்."

வெள்ளிக்கிழமை மீட்டிங். அட்டை வெட்ட புது மெஷினா, இல்லை சேல்ஸ் மானேஜர் கேட்கிற ஷோரூம் அலங்காரமா என்று முதலாளி அன்றைக்கு முடிவு சொல்வார். பழைய மெஷின் ஏற்கெனவே ஒரு பெண்ணின் விரலைத் துண்டித்துவிட்டது. அந்தப் பெண்ணுக்காகப் பேச அங்கே வேறு நாதியில்லை.

"அடுத்த மீட்டிங்ல பேசக்கூடாதா?" என்றான் கணவன், அவள் உட்காரும் டப்பில் வெந்நீர் ஊற்றியபடியே.

"இன்னொரு விரல் போனப்புறமா?"

அவன் சூடு சரியாக இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தான்.

"மூணு மணி நேரம்ங்க. அந்த மர நாற்காலியை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

"தலையணை எடுத்துட்டுப் போயேன்."

"நல்லா சொன்னீங்க! அப்புறம் மெஷினைப் பத்தி யாரு பேசுவா? தலையணையைப் பத்திதான் பேசுவாங்க. எப்படியோ பல்லைக் கடிச்சிட்டு உட்கார்ந்துடுவேன்."

மறுநாள் மதியம் அவள் கணக்கில் மூழ்கியிருந்தபோது விறகு எதிரே வந்து நின்றார்.

"சாப்பிட்டாச்சா?"

"இதை முடிச்சிட்டு, சார்..."

"நேரத்துக்குச் சாப்பிடத் தெரியலை, வேலையை மட்டும் நேரத்துக்கு முடிச்சிடுவியா? எந்திரிம்மா முதல்ல!"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ மாட்டேன் என்று வீம்பாகச் சாப்பிட்டாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மட்டும் வரட்டும்.

வந்தது.

மீட்டிங் அறைக்குள் நுழைந்தவர்கள் எல்லாரும் விழித்தார்கள். மேஜை இருந்தது. ஒரு நாற்காலிகூட இல்லை.

"என்ன சார், இது மீட்டிங் ரூமா, பஸ் ஸ்டாப்பா?" என்றார் சேல்ஸ் மானேஜர்.

"உட்கார வெச்சா ஊர்க்கதை பேசறீங்க. இனிமே நின்னுக்கிட்டுத்தான் மீட்டிங். கால் வலிச்சா பேச்சு தானா சுருங்கும்" என்றார் விறகு.

முதலாளிக்கு அது பிடித்துப்போய்விட்டது. அவரும் நின்றுகொண்டார்.

"படுபாவி! காய்ச்சல்ல கிடந்து வந்தவளை நிக்க வெச்சே கொல்லப் பாக்கறான்" என்று காதில் கிசுகிசுத்தாள் ஸ்டோர் கீப்பர்.

சூப்பர்வைசருக்கோ வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வலி இல்லாமல் இல்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக, ஒன்றுவிடாமல் பேசினாள்.

சேல்ஸ் மானேஜர் குறுக்கே விழுந்தார். "கஸ்டமர் ஷோரூமைப் பார்த்து வரானா, உங்க மெஷினைப் பார்த்து வரானா?"

"ஷோரூமுக்கு அடுத்த வருஷம்கூட விளக்கு போடலாம் சார். அந்தப் பொண்ணுக்கு விரல் எந்த வருஷம் முளைக்கும்?"

முதலாளி விறகின் பக்கம் திரும்பினார்.

"மெஷினுக்கு ஆர்டர் போடுங்க" என்றார் முதலாளி.

எல்லாரும் காலை உதறிக்கொண்டு கிளம்பினார்கள். அவள் மட்டும் நின்றாள். இன்றைக்குக் கேட்காவிட்டால் என்றைக்கும் கேட்க முடியாது.

"சார், என் மேல உங்களுக்கு என்ன கோபம்? வாரம் பூரா என்னை இப்படி அலைய விட்டுட்டீங்களே?"

விறகு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"திங்கட்கிழமை நீ நாற்காலியில உட்கார்ந்ததைப் பார்த்தேன்மா. மேஜையில கையை ஊன்றி, மூச்சைப் பிடிச்சு, ஒரு பக்கமா. காய்ச்சல் வந்தவங்க அப்படி உட்கார மாட்டாங்க. நேரா கேட்டா நீ கூசிப்போயிடுவே. உட்கார்ந்தே கிடந்தாலும் தாங்க மாட்டே. அதான் எதையாவது சொல்லி எழுப்பி விட்டேன்."

"உங்களுக்கு... உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"எனக்கு ஆபரேஷன் ஆனப்போ இந்த ரூம்ல நாற்காலி இருந்துச்சும்மா. அன்னைக்குத்தான் நீங்கள்லாம் எனக்கு விறகுன்னு பேர் வெச்சீங்க."