கம்பிக் கட்டண மனு

பெரிய ஆலைகளுக்கு மட்டும், வெளியூரிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் கம்பிக் கட்டணம் உயர்கிறதாம். மின்சார ஆபீசில் ஒட்டியிருந்த அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு, காரைக்கால் அரிசி ஆலை முதலாளி ஹமீது மரைக்காயர் கொதித்துப்போய் வந்தார்.

“தங்கையா, மனு எழுதுப்பா! இது அநியாயம்னு போடு.”

குமாஸ்தா தங்கையன் ‘அநியாயம்’ என்று எழுதினான். போதாதோ என்று சந்தேகம் வந்து, ‘பெரும் அநியாயம்’ என்று திருத்தினான்.

“வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எம் மகளைப் பொண்ணு பேச வர்றாங்க. இந்தச் சேதி அவங்க காதுக்குப் போனா சம்பந்தம் நிலைக்குமா? நான் ஊருல தலைகாட்ட முடியுமா?”

தங்கையன் அவசரமாகப் புதுத் தாளை எடுத்தான். ஆலை நொடித்தால் அவன் வேலையும் போய்விடும்.

“கவலைப்படாதீங்க முதலாளி. கட்டணத்தைப் பாதியா குறைக்கச் சொல்லி உருக்கமா எழுதிடறேன்.”

“குறைக்கவா? அட மடையா! பெரிய ஆலைன்னு நமக்குப் போட்டியா ஆலை வச்சிருக்கிற அந்தப் பட்டினத்து நூகு பேரைப் போட்டு ஒட்டியிருக்காங்க. நம்ம ஆலை சின்னதாம், பட்டியல்லயே இல்லை!”

“அப்ப என்னங்க எழுதணும்?”

“நம்ம பேரையும் சேர்க்கச் சொல்லு. நூகுவுக்குப் போட்டதைவிட ஓரணாவாச்சும் கூடப் போடச் சொல்லு!”